மூன்று சுற்று, முடிச்சு இல்லை

11.06.1942 — ரூ. 14.00
11.07.1942 — ரூ. 14.00
31.07.1942 — ரூ. 62.50
11.08.1942 — ரூ. 0.00

முதல் இரண்டும் சல்லி என்ற கடற்கரைக் கிராமத்தைச் சேர்ந்த க. அருளம்பலம் 'றஹ்மானியா' என்ற பாய்க்கப்பலில் வாங்கிய மாதச் சம்பளம். மூன்றாவது, அவர் வாயிலிருந்து வந்த ஒரு கட்டளையால் அந்தக் கப்பலுக்கு விழுந்த அபராதம். நான்காவது, அதற்காக அவர் வாங்காமல் விட்ட சம்பளம். வாங்க வேண்டாம் என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை.

அப்போது நான் திருகோணமலைத் துறைமுகக் கந்தோரில் இலிகிதராக இருந்தேன். கப்பல்களின் வரவையும் போக்கையும் பதிவது என் வேலை. கீழே வரும் நேரங்கள் என் பதிவிலிருந்து எடுத்தவை. பேச்சுகளை நான் அருகிலிருந்து கேட்டேன், அல்லது சம்பந்தப்பட்ட இருவரிடம் தனித்தனியே கேட்டு ஒத்துப்போனதை மட்டும் எழுதியிருக்கிறேன்.

அருளம்பலம் 1920 பெப்ரவரி 3ஆம் தேதி பிறந்தவர். பதினான்கு வயதில் தகப்பனாரின் வள்ளத்தில் ஏறினார். எட்டு வருடம் மீன்பிடி. உயரம் குறைவு, தோள் அகலம். ஒரு கேள்வி கேட்டால் உடனே பதில் வராது. வந்தால் பிறகு மாறாது.

1942 ஏப்ரல் 9, வியாழக்கிழமை காலை, யப்பானிய விமானங்கள் துறைமுகத்தின்மேல் குண்டு போட்டன. மூன்று நாளில் நகரத்தில் பாதிச் சனம் இல்லை. உட்துறைமுகத்தில் நங்கூரமிட்டிருந்த றஹ்மானியாவின் பதினான்கு மாலுமிகளில் பதின்மூன்று பேர் வடக்கே தங்கள் ஊர்களுக்கு நடந்துபோனார்கள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. குண்டு விழுந்தபோது அவர்கள் மேல்தளத்தில் நின்றவர்கள். தங்கியவர் சமையற்காரர் சோமசேகரம் ஒருவர்தான். வயது முப்பத்தொன்று. நகரத்தில் கலியாணம் முடித்தவர். அந்த மாதம் மனைவிக்குப் பிள்ளை கிடைக்க இருந்தது.

றஹ்மானியா 84 அடி நீளம். இரண்டு பாய்மரங்கள், இயந்திரம் இல்லை. ரங்கூன் அரிசி ஏற்றிவந்த கப்பல். சொந்தக்காரி கிண்ணியா றுக்கியா உம்மா. கணவர் அந்த வருடம் பெப்ரவரியில் மலேரியாவில் மௌத்தாகி, கப்பல் அவர் கைக்கு வந்திருந்தது. ரங்கூன் யப்பானியரிடம் விழுந்தபின் அரிசி வரும் வழி அடைபட்டது. மட்டக்களப்பு நெல்லைக் கொண்டுவரலாம் என்றால் நீராவிக் கப்பல்கள் எல்லாம் யுத்தத்துக்குப் போய்விட்டன. பாய்க்கப்பலுக்கு அப்போது நல்ல காலம் பிறந்திருக்க வேண்டும். ஆனால் மே 2ஆம் தேதி கடற்படையிலிருந்து முதற் கடிதம் வந்தது.

துறைமுக வாயிலில் நீர்மூழ்கிகளைத் தடுக்க இரும்பு வலை கட்டியிருந்தார்கள். வலையின் நடுவில் ஒரு வாசல். குறித்த நேரங்களில் மட்டும் அதைத் திறப்பார்கள். இயந்திரமில்லாத கப்பல் அந்த வாசலுக்குள் தடுமாறி நின்றுவிட்டால் யுத்தக்கப்பல் உள்ளே வர முடியாது. ஆகவே, றஹ்மானியா மூன்று மாதத்துக்குள் தன் பாயாலேயே வாசல் வழியாக வெளியே போய், அதே நாள் உள்ளே வந்து காட்ட வேண்டும். முடியாவிட்டால் இரண்டு பாய்மரங்களையும் அறுத்து எடுத்துவிட்டு, வெறும் கூட்டை நிலக்கரி ஏற்றும் பார்ஜ் ஆக்கிவிடுவார்கள். கடிதத்தை றுக்கியா உம்மாவுக்கு வாசித்துக் காட்டியவன் நான்தான்.

"பாய்மரத்த அறுத்தா அது கப்பலா, தொட்டியா?" என்று கதவுத் திரைக்குப் பின்னால் இருந்து கேட்டார். பிறகு தன் தங்கையின் மகன் லாபிரைக் கூப்பிட்டார்.

லாபிருக்கு இருபது வயது. தகப்பனாருடன் கிண்ணியாத் துறையில் பாதையில் வேலை செய்தவர். பாதை என்றால், மாட்டு வண்டிகளையும் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு நீரைக் கடக்கும் பெரிய தட்டு. அவர் பாதைக்காரர் பிள்ளைகளில் ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். போதாது. குண்டுவீச்சுக்குப் பிறகு சல்லிக் கரையில் வள்ளம் இறக்கத் தடை போட்டிருந்தார்கள். கப்பலுக்கு ஆள் தேடுகிறார்கள் என்ற கதை அங்கே போனது. மே 11, திங்கட்கிழமை, அருளம்பலமும் ஐந்து பேரும் மூன்று சைக்கிளில் வந்து இறங்கினார்கள்.

கடற்படைத் தளத்தில் கூலிக்கு நாளொன்றுக்கு ஒரு ரூபாய் இருபத்தைந்து சதம் கொடுத்தார்கள். றுக்கியா உம்மாவால் மாதம் பதினான்கு ரூபாயும் சாப்பாடும்தான் கொடுக்க முடிந்தது.

"அங்க போனா ரெண்டு பங்கு கிடைக்குமே தம்பி, ஏன் இங்க வாறீங்க?" என்று அவர் கேட்டார்.

"அங்கை கரி சுமக்க வேணும் உம்மா," என்றார் அருளம்பலம். "கரி சுமக்கிறதெண்டா வயசு போனாப் பிறகும் சுமக்கலாம்."

அன்றே பன்னிரண்டு பேரும் கையெழுத்து வைத்தார்கள். தண்டையல், அதாவது கப்பலை நடத்துபவர், யார் என்ற இடத்தில் ஒரு பெயர் வேண்டியிருந்தது. ஆழக்கடலில் அதிக வருடம் நின்றவர் என்பதால் அருளம்பலத்தின் பெயரை எழுதினேன். இந்தக் கப்பலில் அவர் அதுவரை கால் வைத்ததில்லை.

கப்பலில் முப்பத்துநான்கு கயிறுகள். எந்தக் கயிறு எந்தப் பாயை என்ன செய்யும் என்று தெரிந்தவர் அங்கே சோமசேகரம் மட்டும்தான். அவரும் ஒன்பது வருடத்தில் ஒரு கயிற்றையும் இழுத்தவரல்லர். குசினி, தளத்தின் நடுவில் ஒரு மரக்கூடு. அதன் வாசல் பின்பக்கம் பார்த்தபடி இருக்கும். அரிசி வேகும் நேரமெல்லாம் அந்த வாசலில் நின்று மாலுமிகளைப் பார்த்தவர். எல்லாம் மனதில் இருந்தது. ஆனால் குசினி வாசலில் நின்றால்தான் இருந்தது.

முதல் நாள் அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டு முன்பக்கம் போய்ப் பாடம் தொடங்கினார். "வலக்கைப் பக்கம் மூண்டாவது கயிறு, மேல்பாயை இறக்கிறது. இழுங்கோ பாப்பம்."

இழுத்தார்கள். இறங்க வேண்டிய பாய் அசையவில்லை. எதிர்ப்பக்கத்துப் பாய் ஒன்று பாதி ஏறியது.

சோமசேகரம் கயிற்றைப் பார்த்தார், பாயைப் பார்த்தார், திரும்பிக் குசினிக்குள் போய் வாசலில் நின்றார். "அது சரி. இஞ்சை நிண்டு பாத்தால் இது வலக்கை," என்றார்.

அன்றிலிருந்து பன்னிரண்டு பேரும் முறை வைத்து அந்த வாசலில் நின்று பாடம் படித்தார்கள். ஒருவர் நிற்க மற்றவர் சோமசேகரத்துக்கு வெங்காயம் உரித்துக் கொடுப்பார். கறி எப்போதும் மீன்தான். அது சல்லி, கிண்ணியா இரண்டு பகுதிக்கும் சரி. யூன் 6ஆம் தேதிக்குள் முப்பத்துநான்கு கயிறுகளையும் கண்ணை மூடிக்கொண்டு தொட்டுச் சொல்ல எல்லாருக்கும் தெரிந்தது.

மேலே ஏறுவது அடுத்த வேலை. முன்பாய்மரத்தின் உயரம் 61 அடி. பாதையில் வேலை செய்தவர்களும் வள்ளத்தில் வேலை செய்தவர்களும் நீர்மட்டத்தை விட்டு உயரப் போனவர்களல்லர். தண்டையல் முதலில் ஏற வேண்டும் என்று அருளம்பலம் ஏறினார். குறுக்குமரத்தை எட்டி, அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, நாற்பது நிமிடம் அங்கேயே இருந்தார்.

"மச்சான்," என்று கீழேயிருந்து லாபிர் கூப்பிட்டார், "அங்கயிருந்து பாத்தாக் கிண்ணியா தெரியுதா?"

"தெரியுது."

"எங்கட ஊடு?"

"தெரியுது. அடுப்பிலை என்ன கறி எண்டும் தெரியுது. இறங்கிற வழிதான் தெரியேல்லை."

லாபிர் ஏறிப்போய் அவருடைய காலைப் பிடித்து ஒவ்வொரு படியாக வைத்து இறக்கினார். மறுநாள் இருவரும் சேர்ந்து ஏறினார்கள். ஒரு வாரத்தில் பன்னிரண்டு பேரும் மேலே நின்று பாய் சுருட்டினார்கள். யூலை நடுப்பகுதியில் உட்துறைமுகத்துக்குள் பாய் விரித்து ஓட்டிப் பார்த்தார்கள். தீவுகளுக்கு இடையில் காற்று மென்மை; எல்லாம் நன்றாகவே நடந்தது. தங்களுக்குக் கப்பல் ஓட்டத் தெரியும் என்று அவர்கள் நினைத்ததில் தப்பில்லை. பார்த்துக்கொண்டிருந்த நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு விடயத்தை ஒருவரும் கவனிக்கவில்லை. அதைச் சற்று விளக்க வேண்டும்.

பாயின் கீழ்மூலையை இழுத்துப் பிடிக்கும் கயிற்றுக்குத் தாமான் என்று பெயர். சல்லி வள்ளங்களில் தாமானை எங்கும் கட்டமாட்டார்கள். கையில் பிடிப்பார்கள், களைத்தால் கால்விரலில் கொழுவுவார்கள். திடீரென்று காற்று அடித்தால் அந்தக் கணமே விட்டுவிட வேண்டும். கட்டிய தாமான் வள்ளத்தைக் கவிழ்க்கும். அருளம்பலத்தின் சின்னையா அப்படித்தான் 1931இல் இறந்தார். சல்லியில் சிறு பிள்ளை விளையாட்டுக்குத் தாமானைக் கட்டினாலும் அடி விழும்.

பாதையில் நேர்மாறு. வண்டிச் சில்லை, மாட்டை, மூட்டையை இறுக்கிக் கட்டாமல் விட்டால் நடு நீரில் எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். கிண்ணியாப் பிள்ளைகளின் கை கயிற்றைக் கண்டால் முடிச்சுப் போடும். அந்த முடிச்சு நனைந்தால் கத்தியால்தான் அவிழும்.

றஹ்மானியாவில் முன்பாயைச் சல்லிப் பிள்ளைகளும், பெரிய பாயைக் கிண்ணியாப் பிள்ளைகளும் எடுத்துக்கொண்டார்கள். தெரிந்தவனோடு தெரிந்தவன் நிற்பது வசதி என்பதைத் தவிர வேறு காரணமில்லை.

யூலை 28, செவ்வாய்க்கிழமை, காலை 7.40க்கு வாசலை நோக்கி ஓடினார்கள். கச்சான், அதாவது மேல்காற்று, பலமாக இருந்தது. வாசலுக்கு முன்னால் ஒரு மேட்டைத் தாண்டும் இடத்தில் அதுவரை மறைந்திருந்த காற்று ஒரேயடியாக அடிக்கும். கப்பல் சாய்ந்தது. சுக்கானில் நின்ற அருளம்பலம், எட்டு வருடம் வள்ளத்தில் சொன்ன கட்டளையைச் சொன்னார்.

"விடு!"

முன்னால் நின்ற சல்லிப் பிள்ளைகள் விட்டார்கள். பாய் கொடிபோல அடித்துக் கிழிந்தது. விட்ட கயிறு ஓடியதில் இரண்டு பேருக்கு உள்ளங்கைத் தோல் போனது. நடுவில் நின்ற கிண்ணியாப் பிள்ளைகளும் விடத்தான் பார்த்தார்கள், முடிச்சு அவிழவில்லை. முன்பாயில் இழுவை இல்லை, பெரிய பாயில் முழு இழுவை. பின்பக்கம் தள்ளுண்டு, கப்பலின் மூக்கு காற்றுக்குத் திரும்பி, நேரே வலையில் போய் ஏறியது. வலையைத் தாங்கும் மிதவைகளில் நான்கு உடைந்தன. இழுவைப் படகு வந்து இழுத்து எடுத்தபோது மணி 9.55.

அன்று மத்தியானம் தளத்தில் நடந்த சண்டைக்கு நான் சாட்சி.

"தாமானைக் கட்டி வைக்கிறவனை எங்கடை ஊரிலை கொலைகாரன் எண்டு சொல்லுவினம்," என்றார் ஒரு சல்லிப் பிள்ளை.

"கட்டாம விடுறவன எங்கட ஊர்ல கூலிக்கே எடுக்கமாட்டாங்க," என்றார் லாபிர். "கயிறு என்ன பாம்பா, தொட்ட உடன விடுறதுக்கு?"

"பாம்பெண்டா நீங்கள் அதையும் முடிச்சுப் போட்டிருப்பியள்."

சோமசேகரம் சோற்றுப் பானையை இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் கொண்டுவந்து வைத்தார். "அடிபடுறதெண்டால் திண்டிட்டு அடிபடுங்கோ. ஆறினால் நான் சூடாக்கித் தரமாட்டன்."

அருளம்பலம் கை வெந்த இருவருக்கும் தேங்காயெண்ணெய் தடவித் துணி சுற்றிவிட்டு, தோணி பிடித்துக் கிண்ணியாவுக்குப் போனார். இரண்டாவது கடிதம் ஓகஸ்ட் 1ஆம் தேதி வந்தது: அபராதம் அறுபத்திரண்டு ரூபாய் ஐம்பது சதம், கடைசித் தவணை ஓகஸ்ட் 25, அதற்குமேல் பாய்மரம் இராது. அதற்கு முன்பே அவர் றுக்கியா உம்மாவிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லியிருந்தார்.

"பிழை கயிறு பிடிச்ச பொடியளிலை இல்லை உம்மா. விடச் சொன்னது நான்."

"அபராதம் வந்தாக் கப்பலுக்கு. சம்பளம் உங்களுக்கு," என்றார் றுக்கியா உம்மா.

"இந்த மாதம் வேண்டாம். கப்பல் வாசலாலை போய் வரட்டும், வாங்கிறன்."

"போகாட்டி?"

"போகும்."

றுக்கியா உம்மா திரைக்குக் கீழால் ஒரு கோப்பையை வெளியே நகர்த்தினார். "எப்படிப் போகும் எண்டு கேக்கமாட்டன். கேட்டாலும் எனக்கு விளங்காது. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க," என்றார்.

எப்படிப் போகும் என்று அப்போது அருளம்பலத்துக்கும் தெரியாது. அதைப் பிறகு என்னிடம் ஒத்துக்கொண்டார்.

மூன்று நாள் அவர் தளத்தில் தனியே உட்கார்ந்து ஒரு கயிற்றை வைத்துப் பார்த்தார். கப்பலின் ஓரத்தில் கயிறு மாட்டக் கைநீள மரமுளைகள் வரிசையாக இருக்கும். முளையில் கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்தால் ஒரு ஆளின் பலத்தில் ஓரளவு நிற்கும். இரண்டு சுற்றில் நன்றாக நிற்கும். மூன்று சுற்றில் ஒரு சிறுபிள்ளை இரண்டு விரலால் பிடித்தாலும் முழுப்பாய் நிற்கும். நுனியைக் கட்டாமல் கையில் வைத்திருந்தால், ஒரு சுற்றைக் கழற்றினதும் கயிறு மெல்ல முனகிக்கொண்டு போகும். முழுவதும் போகாது. வேண்டிய இடத்தில் திரும்பவும் சுற்றலாம்.

பழைய மாலுமிகள் இதைத்தான் செய்திருப்பார்கள். குசினி வாசலிலிருந்து முளைகள் தெரியாது, ஓரப்பலகை மறைக்கும். சோமசேகரம் இழுப்பதைப் பார்த்திருக்கிறார், மாட்டுவதைப் பார்த்ததில்லை.

ஓகஸ்ட் 4ஆம் தேதி காலை அருளம்பலம் எல்லாரையும் கூப்பிட்டார். "மூண்டு சுத்து. முடிச்சு இல்லை. 'விடு' எண்ட கதை இனி இந்தக் கப்பலிலை இல்லை. 'ஒரு சுத்து' எண்டால் ஒரு சுத்துக் கழட்டுறது. அவ்வளவுதான்."

"எங்கட கை முடிச்சுப் போடாம நிக்காது மச்சான்," என்றார் லாபிர். "பழக்கம்."

"எங்கடை கை விடாமல் நிக்காது. அதுவும் பழக்கம். அதாலைதான் சோடி மாத்திறன்."

முக்கியமான ஆறு கயிறுகளுக்கு ஆறு சோடி. ஒவ்வொரு சோடியிலும் சல்லியில் ஒருவர், கிண்ணியாவில் ஒருவர். சல்லிக்காரர் நுனியைப் பிடிப்பார். கிண்ணியாக்காரர் முளையில் சுற்றைப் பார்ப்பார். ஒருவர் விடப் பார்த்தால் மற்றவர் பிடிப்பார். ஒருவர் முடிச்சுப் போடப் பார்த்தால் மற்றவர் தடுப்பார். அருளம்பலம் சுக்கானில் நிற்பதால் ஆறாவது சோடியில் சல்லிப் பக்கம் ஒரு ஆள் குறைந்தது. சோமசேகரத்தைப் போட்டார்கள்.

"நான் சமையற்காரன்," என்றார் சோமசேகரம்.

"வாசலாலை போற நேரம் ஒருத்தருக்கும் பசிக்காது அண்ணை," என்றார் அருளம்பலம்.

சோமசேகரத்துக்குச் சோடி லாபிர். இருபது நாள் இருவரும் ஓயாமல் வாய்ச்சண்டை பிடித்தார்கள். அந்தக் கயிறுதான் ஆறிலும் திருத்தமாக நடந்தது.

நங்கூரத்திலேயே நின்றபடி ஒவ்வொரு நாளும் காலைக் காற்றில் பாய் விரித்துப் பழகினார்கள். முதல் நாட்களில் யாராவது ஒருவர் முடிச்சுப் போட்டுவிடுவார். போட்டவர் அன்று முழுவதும் வெங்காயம் உரிக்க வேண்டும். 15ஆம் தேதிக்குப் பிறகு வெங்காயம் உரிக்கச் சோமசேகரத்துக்கு ஆளில்லை.

ஓகஸ்ட் 25, செவ்வாய்க்கிழமை. வாசல் திறக்கும் நேரம் காலை 7.15 என்று குறித்திருந்தார்கள். மேற்பார்வைக்கு ஒரு வெள்ளைக்காரக் கடற்படை அதிகாரி விசைப்படகில் வந்தார். மொழிபெயர்க்க என்னைக் கந்தோரிலிருந்து அனுப்பினார்கள். ஆனால் ஒரு யுத்தக்கப்பல் உள்ளே வர வேண்டியிருந்ததால் றஹ்மானியாவைக் காத்திருக்கச் சொன்னார்கள். யுத்தக்கப்பல் பிந்தியது. 'இப்போது போ' என்று கொடி காட்டியபோது மணி 9.05.

றஹ்மானியா நங்கூரம் தூக்கவில்லை.

ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு அதிகாரி படகைக் கிட்டக் கொண்டுபோகச் சொன்னார். ஏன் நிற்கிறான் என்று கேள் என்றார். கேட்டேன்.

அருளம்பலம் மேலே இருந்து என்னைப் பார்த்துச் சொன்னார்: "கச்சான் இன்னும் அரை மணித்தியாலம்தான் நிக்கும் எண்டு சொல்லுங்கோ ஐயா. நாங்கள் வாசலுக்குப் போக அது விழும். கடற்காத்து வர மத்தியானமாகும். அது மட்டும் நாங்கள் வாசலுக்கை நிண்டால் அவையின்ரை கப்பல் ஒண்டும் வரவும் ஏலாது, போகவும் ஏலாது."

சொன்னேன். இன்றுதான் கடைசித் தவணை என்பது அவனுக்குத் தெரியுமா என்று அதிகாரி கேட்டார்.

"தெரியும்."

அவன் பயப்படுகிறானா என்று கேட்டார். இதை மொழிபெயர்ப்பதா என்று யோசித்தேன். மொழிபெயர்த்தேன். அருளம்பலம் பதில் சொல்லுமுன் லாபிர் ஓரத்தில் வந்து குனிந்தார்.

"பயம்தான் எண்டு துரைக்குச் சொல்லுங்க. போன மாசம் பயமில்லாமப் போய்த்தான் நாலு மிதவய உடைச்சம்."

அதையும் சொன்னேன். அதிகாரி 'கொடிக்குக் கீழ்ப்படியவில்லை, நேரம் 9.14' என்று தன் புத்தகத்தில் எழுதினார். எழுதிய பிறகும் படகைத் திருப்பச் சொல்லவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருந்தார். றஹ்மானியாவில் பதின்மூன்று பேரும் தங்கள் தங்கள் இடத்தில் நின்றார்கள்.

9.41க்கு மேட்டின்மேல் இருந்த சமிக்ஞைக் கம்பத்தில் கொடி தளர்ந்தது. ஒரு முறை அசைந்தது. பிறகு கம்பத்தோடு ஒட்டிக்கொண்டது. வாசலுக்குப் பக்கத்து நீர் எண்ணெய் ஊற்றினதுபோல் மட்டமாகக் கிடந்தது.

அதிகாரி அந்தக் கொடியை நீண்ட நேரம் பார்த்தார். பிறகு, அவன் எத்தனை மணிக்குப் போக விரும்புகிறான் என்று கேட்கச் சொன்னார்.

"நாளைக்கு ஏழேகாலுக்கு வாசலைத் திறக்கட்டும். அரை மணித்தியாலத்திலை வெளியிலை நிப்பம். பின்னேரம் நாலு மணிக்கு முன்னம் உள்ளுக்கு வருவம்," என்றார் அருளம்பலம்.

ஓகஸ்ட் 26, புதன்கிழமை. வாசல் திறந்தது 7.15. நங்கூரம் மேலே வந்தது 7.17. முன்பாயும் பெரிய பாயும் விரிந்தது 7.22. மேட்டைத் தாண்டிய இடத்தில், போன தடவை அடித்த அதே காற்று அதே இடத்தில் அடித்தது. நானும் அதிகாரியும் இருந்த விசைப்படகிலேயே தொப்பிகள் பறந்தன. கப்பல் சாய்ந்தது. சுக்கானிலிருந்து வந்த குரல் பெரிய சத்தமாக இல்லை.

"முன்பாய், ஒரு சுத்து. பெரிய பாய், ஒரு சுத்து."

ஆறு கயிறும் ஒன்றாக முனகின. மூன்று முளைகளிலிருந்து சூட்டில் மெல்லிய புகை எழும்பியதை நான் கண்டேன். பாய்கள் காற்றைக் கொஞ்சம் விட்டு, மிச்சத்தை வைத்துக்கொண்டன. கப்பல் நிமிர்ந்தது.

"சுத்து."

திரும்பவும் மூன்று சுற்று. மூக்கு ஒரு பாகைகூட விலகவில்லை. வாசலின் இரண்டு பக்க மிதவைகளுக்கும் சரி நடுவில் றஹ்மானியா போனது 7.38. மிதவையில் நின்ற கடற்படைச் சிப்பாய்கள் கை தட்டினார்கள். அதற்கு நன்றி சொல்ல ஒருவருக்கும் கை வெறுமையாக இருக்கவில்லை. சோமசேகரம் மட்டும் தலையை ஆட்டினார்.

பிற்பகல் கடற்காற்றோடு திரும்பி உள்ளே வந்தது 3.44. நங்கூரம் விழுந்தது 4.06. அன்று சோறு இல்லை. நாள் முழுதும் கயிறு பிடித்ததில் சோமசேகரத்தால் அகப்பை பிடிக்க முடியவில்லை. அவித்த மரவள்ளியும் சம்பலும் லாபிர் செய்தார். உப்புக் கூடிவிட்டது என்று சோமசேகரம் மூன்று தடவை சொன்னார். இரண்டு தடவை போட்டுத் தின்றார்.

ஆனால் பாய்மரங்கள் நிற்குமா என்பது இன்னும் தீரவில்லை. அதிகாரியின் அறிக்கையில் இரண்டு வரிகளும் இருந்தன: தவணை நாளில் கொடிக்குக் கீழ்ப்படியவில்லை என்பதும், மறுநாள் திருத்தமாகப் போய்வந்தது என்பதும். யுத்தகாலத்தில் முதல் வரி சின்ன வரியல்ல. எங்கள் கந்தோரில் தலைமை இலிகிதர், பாய்மரம் போகும் என்றுதான் சொன்னார். அந்த நாட்களில் ஒருநாள் அருளம்பலத்தைக் கரையில் கண்டேன். பாயில் முன்பு கிழிந்து தைத்த இடத்துக்கு இரட்டைத் தையல் போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்டைக்குக் கொடி காட்டினவுடனை போயிருக்கலாமோ எண்டு யோசிக்கிறீங்களா?" என்று கேட்டேன்.

அவர் ஊசியை இழுத்து முடித்த பிறகே பதில் சொன்னார். "இல்லை ஐயா. போயிருந்தால் கடிதத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லை. அண்டைக்கே தெரிஞ்சிருக்கும்."

மூன்றாவது கடிதத்தை வாசிக்கத் தோணியில் கிண்ணியாவுக்குப் போனபோது பதின்மூன்று பேரும் றுக்கியா உம்மாவின் முற்றத்தில் நின்றார்கள். கடிதம் எட்டு வரி. றஹ்மானியா தன் பாய்மரங்களுடன் மட்டக்களப்புவரை போய்வர அனுமதி. தண்டையல் க. அருளம்பலம். வாசல் நேரங்கள் பற்றிய ஏழாவது வரியை அருளம்பலம் இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார்: இக்கப்பலுக்கு வாசல் திறக்கும் நேரத்தை, காற்றைப் பார்த்து, முதல் நாள் மாலையில் அதன் தண்டையல் கந்தோருக்கு அறிவிக்க வேண்டும்.

"அப்ப இனி நேரம் சொல்றது துரை இல்ல, நம்மட மச்சான்," என்றார் லாபிர்.

"ஓம். பிந்தினால் வெங்காயமும் மச்சான்தான் உரிக்க வேணும்," என்றார் சோமசேகரம்.

றுக்கியா உம்மா திரையை விலக்கி, ஓகஸ்ட் மாதச் சம்பளம் பதினான்கு ரூபாயை நீட்டினார். அருளம்பலம் வாங்கிக்கொண்டார்.

1946 ஒக்டோபர் வரை றஹ்மானியா மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்கும் இடையில் 71 தடவை போய்வந்தது. அந்த வாசலில் பிறகு ஒரு மிதவையும் அதனால் உடையவில்லை. லாபிர் 1944இல் வேறொரு கப்பலுக்குத் தண்டையலானார். சோமசேகரம் கடைசிவரை குசினியை விடவில்லை, ஆறாவது கயிற்றையும் விடவில்லை. அருளம்பலம் 1947இல் சல்லிக்குத் திரும்பி இரண்டு வள்ளம் வாங்கினார், நான்கு பிள்ளைகள், 1979 மார்ச் 18ஆம் தேதி இறந்தார். பெரிய மனிதர் என்று யாரும் அவரைப் பற்றி எழுதவில்லை. அவர் செய்ததை அறிந்தவன் என்பதால் நான் எழுதுகிறேன்.

ஒரு திருத்தம் மட்டும் பாக்கி. அந்தக் கடைசிக் கடிதம் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது என்று அருளம்பலம் சாகும்வரை சொல்லிவந்தார். அவருடைய பிள்ளைகளும் அப்படியே சொல்கிறார்கள். நல்ல கிழமையாக இருக்கட்டும் என்று அவர் மனம் விரும்பியிருக்கலாம். என் பதிவில் சந்தேகம் இல்லை. கடிதம் எழுதப்பட்டது செப்டெம்பர் 10, வியாழக்கிழமை. கிண்ணியாவில் றுக்கியா உம்மாவின் கைக்கு வந்தது 1942 செப்டெம்பர் 14, திங்கட்கிழமை.